அட்டை கையில், விலை எங்கே?

கூடைப்பந்து ஆட்டக்காரர்களின் படம் அச்சிட்ட கார்டுகளைச் சேர்ப்பது பற்றி சேலம், ஏற்காடு பக்கமிருந்து வந்த கேள்விகள் மட்டும் இந்த இதழில். பெயர்களை விட்டு ஊரை மட்டும் போட்டிருக்கிறோம்.

கே: என் மகன், பானினி நிறுவனத்தின் கூடைப்பந்து கார்டுகளை நானூறு வரை சேர்த்து வைத்திருக்கிறான். அதில் அமெரிக்க என்.பி.ஏ. லீக்கில் ஆடும் விக்டர் வெம்பன்யாமாவின் 2023-24 பிரிஸம் தொகுப்பு ரூக்கி (முதல் ஆண்டு) கார்டு, எண் 136, ஒன்று இருக்கிறது. ஈபே விற்பனைத் தளத்தில் பார்த்தால் ஒருவர் 500 டாலர் என்கிறார், இன்னொருவர் 15 டாலர் என்கிறார். எதை நம்புவது? – அஸ்தம்பட்டி

ப: இரண்டையும் நம்ப வேண்டாம். இரண்டுமே விற்பவர் கேட்கிற விலை. கேட்பதற்குக் காசா, பணமா? விற்று முடிந்த விலைதான் விலை. ஈபே தேடலில் விற்று முடிந்தவற்றை மட்டும் காட்டும் வடிகட்டி இருக்கிறது, அதைப் போடுங்கள். பேரம் பேசி முடித்த விற்பனைகளில் ஈபே பழைய விலையை அடித்துக் காட்டுமே தவிர, கடைசியில் எவ்வளவுக்குப் போனது என்பதைக் காட்டாது. அதற்கு 130பாயின்ட் என்ற தளத்தில் இலவசமாகவே பார்க்கலாம்.

ஒப்பிடும்போது நான்கும் பொருந்த வேண்டும்: ஆண்டு, தொகுப்பு, கார்டின் வகை, நிலை. பெரும்பாலும் தப்பு நடப்பது மூன்றாவதில்தான். அதே படம், அதே எண் 136, ஆனால் சாதாரணக் கார்டு வேறு, சில்வர் என்கிற பளபளப்பு வகை வேறு. தங்கநிற கோல்டு வகையில் பத்தே அச்சாகும், கருப்பு வகையில் ஒன்றே ஒன்று. கார்டைத் திருப்பிப் பாருங்கள். சில்வரிலும் வண்ண வகைகளிலும் பின்பக்கம் 'பிரிஸம்' என்ற சொல் தனியாக அச்சாகியிருக்கும், சாதாரணக் கார்டில் இருக்காது. ட்யூப்லைட்டுக்குக் கீழே சாய்த்தால் சில்வரில் வானவில் ஓடும். எண்ணிட்ட வகையானால் 07/10 (பத்தில் ஏழாவது) என்பது போலக் கார்டிலேயே அச்சிட்டிருக்கும்.

கடைசியாக விற்ற பத்தை எடுத்துக்கொண்டு, மேலே இரண்டு, கீழே இரண்டைத் தள்ளிவிட்டு மிச்சம் ஆறின் நடுவைப் பாருங்கள். அதுதான் இன்றைய விலை. அதுவும் வாங்குபவர் கொடுத்தது. விற்கிறவர் கைக்கு வருவது ஈபே கட்டணம் சுமார் 13 சதவீதமும் தபால் செலவும் போக. மற்றபடி, மகனிடம் இருக்கும் நானூறில் முந்நூற்றைம்பதுக்கு மேல் சாதாரணக் கார்டாகத்தான் இருக்கும். எத்தனை அச்சடித்தார்கள் என்று நிறுவனம் சொல்லாத கார்டு ஏராளமாகத்தான் இருக்கும் என்று வைத்துக்கொள்வது நல்லது. அவன் ஆசையாகப் புரட்டிப் பார்க்கட்டும், அதற்குத்தான் அவை.

கே: போன ஆடியில் சேலத்திலிருந்து ஏற்காட்டுக்குக் குடிவந்தோம். மூன்று மாதத்தில் பளபளப்பான கார்டுகள் எல்லாம் அப்பளம் மாதிரி வளைந்துவிட்டன. சாதா அட்டைக் கார்டுகள் நேராகவே இருக்கின்றன. இதற்கு என்ன காரணம்? நிமிர்த்த முடியுமா? – ஏற்காடு

ப: பிரிஸம், ஆப்டிக், டாப்ஸ் குரோம் போன்ற கார்டுகளின் முன்பக்கம் பிளாஸ்டிக் படலம், பின்பக்கம் காகித அட்டை. காகிதம் ஈரத்தைக் குடித்து விரியும், படலம் விரியாது. ஆகவே மலையின் மழைக்காற்றில் பின்பக்கம் நீண்டு, ஓரங்கள் முன்பக்கமாக எழும்பும். சேலத்து மே மாத வெயிலிலோ, இரவெல்லாம் ஏ.சி. ஓடும் அறையிலோ இதற்கு நேர்மாறாக நடக்கும்: காகிதம் காய்ந்து சுருங்கி, ஓரங்கள் பின்பக்கம் போகும். எந்தப் பக்கம் வளைந்திருக்கிறது என்று பார்த்தாலே ஈரம் கூடியதா குறைந்ததா என்று தெரிந்துவிடும். சாதாக் கார்டு இரண்டு பக்கமும் காகிதம் என்பதால் இரண்டும் ஒன்றாக விரிந்து ஒன்றாகச் சுருங்கும், வளையாது.

ஈரத்தால் வந்த வளைவு பெரும்பாலும் திரும்பிவிடும், அவசரப்படாமல் இருந்தால். கனமான புத்தகத்துக்கு அடியில் வைப்பது, துணிபோட்டு இஸ்திரி போடுவது, வெயிலில் காயவைப்பது மூன்றும் கூடாது. முதலாவதில் மேற்பரப்பில் அழுத்தத் தடம் விழும். இரண்டாவதில் படலமே பிரியும். மூன்றாவதில் கையெழுத்து மங்கும்.

செய்ய வேண்டியது இது. ரப்பர் வளையம் வைத்த மூடியுள்ள, காற்றுப் புகாத சமையலறை டப்பா ஒன்று, ஐந்து லிட்டர் அளவில். உள்ளே வைக்கச் சின்ன டிஜிட்டல் ஈரப்பதமானி. கார்டை மெல்லிய பிளாஸ்டிக் உறையான ஸ்லீவில் போட்டு, அதை டாப்லோடர் என்கிற கெட்டியான பிளாஸ்டிக் உறையில் செருகி, டப்பாவில் நிற்க வையுங்கள். 20, 30 கிராம் சிலிக்கா ஜெல்லைத் துணிப்பையில் போட்டு ஒரு மூலையில் வையுங்கள். கார்டைத் தொடக்கூடாது. இலக்கு 45 முதல் 50 சதவீதம். மழைக்காலத்தில் ஏற்காட்டு வீட்டுக்குள் 80ஐத் தாண்டுவது சாதாரணம், ஆகவே முதல் வாரம் மானியைத் தினமும் பாருங்கள். 40க்குக் கீழே போனால் ஜெல் அதிகம், பாதியை எடுத்துவிடுங்கள். இல்லாவிட்டால் கார்டு மறுபக்கம் வளையும். இந்தக் காவல் வேலை வேண்டாம் என்றால் 49 சதவீதத்தில் நிறுத்திவைக்கும் இருவழி ஈரப்பதப் பொட்டலங்கள் கிடைக்கின்றன. விலை கூடுதல், ஆனால் கூடினால் இழுத்துக்கொண்டு குறைந்தால் விடும். இரண்டு, மூன்று வாரத்தில் கார்டு தானாகப் படியும்.

சிலிக்கா ஜெல்லின் நிறம் மாறியதும் ஓவனில் 110 டிகிரியில் இரண்டு மணி நேரம் வைத்தால் மறுபடி பயன்படும். டப்பாவை வெளிச்சுவரை ஒட்டிய அலமாரியில் வைக்காதீர்கள், மலைவீடுகளில் ஓதம் ஏறுவது அந்தச் சுவரில்தான். ராமபாணப் பூச்சிக்குப் பயந்து அந்துருண்டை போடுகிறவர்கள் உண்டு. அதன் ஆவி பிளாஸ்டிக்கில் படிந்து பிசுபிசுப்பாக்கும், வேண்டாம். டப்பா நன்றாக மூடினாலே பூச்சி வராது. ஆல்பம் வாங்கினால் பி.வி.சி. இல்லாத பாலிபுரொப்பிலீன் தாளாகப் பாருங்கள். திறந்ததும் புது ரெயின்கோட் வாசனை வந்தால் அது பி.வி.சி., கார்டை அதில் விட்டுவைத்தால் ஒட்டிக்கொள்ளும்.

கே: கொலுசுப் பட்டறை வைத்திருக்கிறேன். லூப் (உருப்பெருக்கி), வெர்னியர் அளவுகோல் எல்லாம் கையில் இருக்கிறது. ஃப்ளீர் நிறுவனத்தின் 1986 மைக்கேல் ஜோர்டன் கார்டு ஒன்று ஸ்லாப் (தரம் பார்த்து எண் கொடுத்து மூடிய பிளாஸ்டிக் பெட்டி) இல்லாமல் விலைக்கு வந்திருக்கிறது. அசலா போலியா என்று நானே பார்க்க முடியுமா? – செவ்வாய்ப்பேட்டை

ப: வெள்ளியின் டச் பார்க்கிற கண்ணுக்கு இது கஷ்டமே இல்லை. ஆனால் ஒன்றை முதலில் மனதில் வையுங்கள்: உலகத்தில் அதிகம் போலி அடிக்கப்பட்ட கூடைப்பந்து கார்டு இதுதான். ஸ்லாப் இல்லாமல், மலிவாக, அவசர விற்பனையாக வந்தால் போலி என்று தொடங்கி, அசல் என்று நிரூபணம் ஆகும்வரை நம்பாமல் இருங்கள்.

1986-87 ஃப்ளீர் தொகுப்பில் 132 கார்டுகள், தனியாக 11 ஸ்டிக்கர்கள். ஜோர்டன் கார்டின் எண் 57. அளவு 63.5 மி.மீ.க்கு 88.9 மி.மீ. வெர்னியர் தாடை கார்டின் விளிம்பில் படக்கூடாது, பட்ட இடம் நசுங்கும். டாப்லோடருக்குள் வைத்து மேலிருந்து அளவு பாருங்கள். அரை மில்லிமீட்டர் குறைந்தாலும் சந்தேகப்படுங்கள்: போலியாக இருக்கலாம், அல்லது தேய்ந்த ஓரத்தை வெட்டிச் சரிசெய்ததாக இருக்கலாம். வெட்டிய கார்டை கிரேடிங் (தரம் பார்க்கும்) நிறுவனங்கள் தர எண் கொடுக்காமல் திருப்பிவிடும்.

அடுத்து லூப். பத்து மடங்கு போதும், முப்பது இருந்தால் இன்னும் நல்லது. படப் பகுதியில் நிறப்புள்ளிகள் ஒழுங்கான வட்டக் கோலமாக இருக்கும். அது அசலிலும் உண்டு. பார்க்க வேண்டிய இடம் எழுத்துகளும் ஓரக்கோடுகளும். அசலில் அவை தனி மையில் அடித்தவை. கருப்பு எழுத்து முழுக் கருப்பாக, விளிம்பு கூர்மையாக நிற்கும். அசலை ஸ்கேன் செய்து அடித்த போலியில் எழுத்துமே புள்ளிகளால் ஆனதாக, விளிம்பு மசங்கலாகத் தெரியும்.

இதைவிட நல்ல வழி ஒன்று: அதே தொகுப்பில் பெயர் தெரியாத ஆட்டக்காரரின், மூலை தேய்ந்த கார்டு ஒன்றை நம்பகமான விற்பனையாளரிடம் மலிவாக வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அட்டையின் நிறம், பின்பக்கத்து மை, ஓரத்தில் தெரியும் அட்டையின் அடுக்கு மூன்றையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடலாம். உரைகல் இல்லாமல் தங்கம் பார்ப்பீர்களா?

ஸ்லாபில் வந்தாலும் கண்ணை மூடிக்கொள்ளாதீர்கள். ஸ்லாபின் சான்று எண்ணை பி.எஸ்.ஏ. என்ற கிரேடிங் நிறுவனத்தின் தளத்தில் போட்டுப் பார்ப்பது முதல் படி மட்டும்தான். போலி ஸ்லாப் அடிப்பவர்கள் அசல் கார்டு ஒன்றின் உண்மையான எண்ணையே எடுத்து ஒட்டுகிறார்கள். அந்த எண்ணுக்குத் தளத்தில் படம் இருந்தால், இடது, வலது ஓர அகலம், எங்காவது இருக்கும் அச்சுப் புள்ளி இவை உங்கள் கார்டோடு ஒத்துப்போகின்றனவா என்று பாருங்கள். கைரேகை மாதிரி, இரண்டு கார்டுக்கு ஒரே மாதிரி அமையாது.

விலை கேட்கவில்லை, இருந்தாலும்: இதே கார்டு பி.எஸ்.ஏ. 10 என்ற மிக உயர்ந்த நிலையில் 2021 ஜனவரியில் 7,38,000 டாலருக்குப் போனது. இரண்டு ஆண்டுக்குள் 2 லட்சம் டாலர் அளவுக்கு இறங்கியது. உச்சவிலையைச் சொல்லி விற்க வருபவரிடம் இந்த இரண்டாவது எண்ணையும் சொல்லுங்கள்.

கே: பேட்ச் கார்டு ஒன்று வைத்திருக்கிறேன், ஜெர்ஸித் துணி பதித்தது. ஆட்டத்தில் போட்ட சட்டைதானே? – ஓமலூர்

ப: பின்பக்கத்தின் பொடி எழுத்தைப் படியுங்கள். ஆட்டத்தில் அணிந்தது என்று இருந்தால் நல்லது. ஆட்டக்காரர் அணிந்தது என்று மட்டும் இருந்தால், படப்பிடிப்பின்போது ஒரு நிமிடம் போட்டுக் கழற்றியதாகவும் இருக்கலாம். எந்த ஆட்டத்தோடும் தொடர்பில்லாதது என்றே அச்சிட்டு விற்கும் கார்டுகளும் உண்டு. அதில் இருப்பது துணி, அவ்வளவுதான். ஒரே நிறத் துணியைவிட இரண்டு மூன்று நிறம் சேரும் இடத்துத் துண்டுக்கு விலை அதிகம். என்.பி.ஏ. சின்னமே பதிந்த துண்டுக்கு எல்லாவற்றிலும் அதிகம். 2007-08 எக்ஸ்குவிசிட் தொகுப்பில் ஜோர்டன், கோபி பிரையன்ட் இருவர் கையெழுத்தும் சின்னமும் சேர்ந்த ஒற்றைக் கார்டு 2025 ஆகஸ்டில் 1 கோடியே 29 லட்சம் டாலருக்கு ஏலம் போனது. கையெழுத்து கார்டின் மேலேயே போட்டதா, ஒளி ஊடுருவும் ஸ்டிக்கரில் போட்டு ஒட்டியதா என்பதையும் பாருங்கள். ஸ்டிக்கருக்கு மதிப்பு குறைவு.

கே: கல்லூரியில் படிக்கிறேன். என்னிடம் 4,000 ரூபாய் பெறும் சில்வர் பிரிஸம் ஒன்று இருக்கிறது. அதுவே பி.எஸ்.ஏ. 10 ஆனால் 12,000 வரை போகிறது. அமெரிக்காவுக்கு அனுப்பி கிரேடிங் செய்யலாமா அண்ணா? – சூரமங்கலம்

ப: மூன்று மடங்கு என்று தெரிவது கண்கட்டு வித்தை. கணக்கைப் போட்டுப் பாருங்கள் தம்பி. கிரேடிங் கட்டணம் 25 டாலர் என்றும் டாலருக்கு 90 ரூபாய் என்றும் வைத்தால் 2,250. முகவர் மூலம் பலரோடு சேர்ந்து அனுப்பினால் போக்குவரத்தில் உங்கள் பங்கு 1,200 என்று வையுங்கள். மொத்தம் 3,450.

10 கிடைத்தால் 12,000இல் இது போக 8,550. இப்போதைய விலையைவிட 4,550 லாபம். 9 கிடைத்தால்? பி.எஸ்.ஏ. 9 பெரும்பாலும் ஸ்லாப் இல்லாத விலையை ஒட்டியேதான் போகும். 4,500 என்றால் செலவு போக 1,050. நட்டம் 2,950. அதாவது பத்தில் நான்கு முறையாவது 10 கிடைத்தால்தான் கையைக் கடிக்காது. 8 வந்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

பி.எஸ்.ஏ. தளத்தின் எண்ணிக்கைப் பட்டியலில் உங்கள் கார்டில் எத்தனை வந்தன, எத்தனை 10 பெற்றன என்று இருக்கும். அந்த விகிதத்தையும் அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். நல்லதாகப் பொறுக்கி அனுப்பியவர்களின் விகிதம் அது. அது மட்டுமல்ல, 10கள் ஆயிரக்கணக்கில் இருந்தால் அந்த 12,000 அடுத்த வருடம் நிற்காது.

அனுப்புவதென்றே முடிவு செய்தால் முதலில் நீங்களே கறாராகத் தேர்வு வையுங்கள். முன்பக்கம் இடது, வலது ஓரத்தின் பங்கு 55-45க்குள் இருக்க வேண்டும், மேல், கீழும் அப்படியே. ஸ்கேனரில் 600 புள்ளி நுணுக்கத்தில் எடுத்து, ஓர அகலத்தைக் கணினியில் பிக்சல் கணக்கில் எண்ணுங்கள். மொபைல் படம் கோணலாகும். இடது 1.8 மி.மீ., வலது 2.2 என்றால் மொத்தம் 4.0, அதில் 2.2 என்பது 55 சதவீதம், தேறும். 1.6க்கு 2.4 என்றால் 60-40, அங்கேயே நிறுத்திவிடுங்கள்.

பிறகு இருட்டறையில் எல்.ஈ.டி. டார்ச்சைக் கார்டுக்குப் படுக்கையாகப் பிடியுங்கள். நேர் வெளிச்சத்தில் தெரியாத கீறல், ஊசிக்குத்து போன்ற குழி, மேலிருந்து கீழே ஓடும் அச்சுக்கோடு எல்லாம் அப்போது தெரியும். பிரிஸம் வகைக்கு இந்த அச்சுக்கோடுதான் சாபம், பாக்கெட்டிலேயே அப்படித்தான் வரும். மூலைகளைக் கருப்புத் துணியின் மேல் வைத்துப் பாருங்கள், வெள்ளையாக நூல் பிரிந்தது போல் தெரிந்தால் போச்சு. விரல்தடத்தை உலர்ந்த மைக்ரோஃபைபரால் லேசாக ஒற்றி எடுங்கள். தண்ணீரும் கூடாது, ஸ்பிரிட்டும் கூடாது.

அனுப்பும்போது கார்டு மெல்லிய ஸ்லீவில், அது வளையும் அரைக்கெட்டி உறையில். கெட்டி டாப்லோடரில் கிரேடிங்குக்கு அனுப்பக் கூடாது, எடுக்கும்போது மூலை அடிபடும். இங்கிருந்து போனதற்கான ஆவணங்களைப் பத்திரமாக வையுங்கள். திரும்பி வரும்போது புதிதாக வாங்கிய பொருள் என்று கருதிச் சுங்கவரி போட்டால் அதைத்தான் காட்ட வேண்டும். வரியைக் கார்டின் மதிப்பின் மேல் மட்டுமல்ல, கூரியர் கட்டணத்தையும் சேர்த்தே கணக்கிடுவார்கள்.

நீங்கள் சொன்ன விலைகளுக்கு எங்கள் பதில்: வேண்டாம்.

கே: மூடிய கார்டு பாக்ஸ் வாங்கி உடைப்பது லாபமா? நேரலையில் பாக்ஸை உடைத்து, அணிவாரியாகக் கார்டுகளைப் பிரித்துத் தரும் 'பிரேக்' நடத்துபவர்களிடம் ஒரு அணிக்குப் பணம் கட்டலாமா? – ஃபேர்லேண்ட்ஸ்

ப: பாக்ஸின் விலையில் உள்ளே இருக்கக்கூடிய நல்ல கார்டின் எதிர்பார்ப்பு ஏற்கெனவே ஏறியிருக்கிறது. உடைத்த நிமிடமே சராசரி பாக்ஸின் மதிப்பு வாங்கிய விலைக்குக் கீழே விழும். உடைக்கும் சுகத்துக்குக் கொடுக்கிற காசு என்று எடுத்துக்கொண்டால் தப்பில்லை, சினிமாவுக்குப் போவது போல. பிரேக்கில் உங்கள் அணியின் கார்டு வராவிட்டால் ஒன்றும் கிடைக்காது. ஏலச்சீட்டில்கூட தள்ளுபடி போகப் போட்டது திரும்பும். லாட்டரியை 2003இலேயே தமிழ்நாட்டில் தடை செய்தார்கள், அது வேறு உருவத்தில் மொபைலுக்குள் வந்திருக்கிறது என்றுதான் சொல்லத் தோன்றுகிறது.

கே: மாதம் 5,000 ரூபாய் ஒதுக்கலாம் என்று இருக்கிறேன். எதை வாங்கலாம்? – ஆத்தூர்

ப: மாதம் 5,000க்குச் சில்லறையாகப் பத்து வாங்காமல், மூன்று மாதம் சேர்த்து 15,000க்கு ஒன்று வாங்குங்கள். எண்ணிட்டதாக இருக்கட்டும், அச்சான எண்ணிக்கை 99க்குள் இருந்தால் நல்லது. ஆட்டக்காரரின் முதல் ஆண்டுக் கார்டுக்கு எப்போதும் முன்னுரிமை. ஸ்லாபில் வாங்கினால் 10க்குப் பதில் 9 பாருங்கள், கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது, விலை பாதிக்கும் கீழே இருக்கும்.

எப்போது என்பது எதை என்பதைப் போலவே முக்கியம். என்.பி.ஏ. சீசன் அக்டோபரில் தொடங்கும்போதும் ஏப்ரல் நடுவிலிருந்து பிளேஆஃப் (பட்டத்துக்கான இறுதிக்கட்ட ஆட்டங்கள்) நடக்கும்போதும் விலை சூடாகும். ஜூலை முதல் செப்டம்பர் வரை தணியும். அப்போது வாங்குங்கள்.

புதிய ரூக்கிக்குப் பின்னால் ஓடாதீர்கள். 2019-20இல் ஸியான் வில்லியம்சன் கார்டுக்கு நடந்த அமளி நினைவிருக்கும். முதல் ஆண்டுகளிலேயே காயம் மேல் காயம், விலை சரிந்தது. அவர் கார்டு அபூர்வமும் இல்லை, ஸ்லாப்கள் மலைமலையாக இருந்தன. ஆடி முடித்தவர்கள் அல்லது சாதனையால் பெயரை நிலைநாட்டிவிட்டவர்கள் பக்கம் இந்த அபாயம் குறைவு. கோபியின் 1996-97 டாப்ஸ் குரோம் எண் 138, லெப்ரான் ஜேம்ஸின் 2003-04 டாப்ஸ் குரோம் எண் 111 இரண்டும் அந்த வகை. கீழ்நிலை ஸ்லாபில் அவற்றுக்குச் சேர்த்து வைப்பது மோசமான யோசனை இல்லை. 1990, 91 காலத்து ஹூப்ஸ், ஃப்ளீர், ஸ்கைபாக்ஸ் கார்டுகளைப் பழசு என்பதற்காக வாங்க வேண்டாம். மூட்டை மூட்டையாக அடித்த காலம் அது. பழைய பேப்பர் கடைக்காரர்கூட எடைதான் பார்ப்பார்.

கே: பானினியிடமிருந்து டாப்ஸுக்கு உரிமம் போய்விட்டதாமே. என் பானினி கார்டுகள் செல்லாக்காசா? – கோரிமேடு

ப: இல்லை. 2009-10 முதல் பானினியிடம் இருந்த தனி உரிமம் முடிந்து, 2025-26 சீசனிலிருந்து ஃபனாட்டிக்ஸ் கைவசம் உள்ள டாப்ஸ் அச்சடிக்கிறது. லூக்கா டோன்சிச், வெம்பன்யாமா ஆகியோரின் உரிமம் பெற்ற என்.பி.ஏ. ரூக்கி கார்டு பானினியுடையதுதான், அதை யாரும் மாற்ற முடியாது. கவலைப்பட வேண்டியது கையெழுத்துக் கார்டுக்குப் பதிலாக வந்த ரிடெம்ப்ஷன் சீட்டு வைத்திருப்பவர்கள். அதில் காலாவதி தேதி அச்சிட்டிருக்கும். மறைத்திருக்கும் குறியீட்டு எண்ணைச் சுரண்டி உடனே பதிவு செய்யுங்கள். சுரண்டிய சீட்டை யாரிடமும் விலைக்கு வாங்காதீர்கள்.

கே: கோவையில் ஒருவர் என் கார்டை வாங்குகிறார். எப்படிப் பொட்டலம் கட்டுவது? – அம்மாப்பேட்டை

ப: ஸ்லீவ், டாப்லோடர், அதைச் சுற்றி ஒட்டும் மூடியுள்ள சிறு பிளாஸ்டிக் உறை. டாப்லோடரைவிட விரற்கடை பெரிதாக நெளி அட்டை இரண்டு வெட்டி, கார்டை நடுவில் வைத்து நான்கு பக்கமும் டேப் போடுங்கள். ரப்பர் பேண்ட் வேண்டாம், வெயிலில் உருகி ஒட்டும். குமிழி உறையில் போட்டு ஸ்பீட் போஸ்ட்டில் அனுப்புங்கள். கட்டுவதற்கு முன் கார்டின் இரண்டு பக்கத்தையும் நான்கு மூலைகளையும் படம் எடுத்து வாங்குபவருக்கு அனுப்பிவிடுங்கள், பிறகு தகராறு வராது. டாப்லோடரின் வாயில் பழுப்பு நிறப் பேக்கிங் டேப் போட்டால் உரிக்கும்போது பசை கார்டுக்கு வரும். காகித மாஸ்கிங் டேப் போதும். அதன் ஒரு நுனியை உள்பக்கம் மடித்துவிடுங்கள், அவர் கத்தி எடுக்காமல் பிரிக்கட்டும்.